ஊர் கூடி இழுத்த தேர்: தோட்டத் துண்டாடலும் பத்து வெள்ளிப் பங்கும்

அன்னையின் ஆண்டுத் திருவிழாவையொட்டி வெளிவரும் இம்மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு ஆலய நிர்வாகக் குழுவினர் அன்புடன் பணித்தனர். அடியேன் வரலாற்றுப் பேராசிரியன் அல்லன். அரசாங்க அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் ஓர் ஊழியன். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்ற தமிழே என் கைமுதல். ஆயினும், என் பாட்டனார் விட்டுச் சென்ற நீண்ட கணக்கு நோட்டு ஒன்று என்னிடம் உள்ளது. அதன் துணை இருக்கும் துணிவில் இக்கட்டுரையை எழுத முற்படுகின்றேன்.

அந்த நோட்டின் முன்பக்கங்களில் கோயில் கணக்கு எழுதப்பட்டுள்ளது. யார் யார் திருவிழா வரி எவ்வளவு கொடுத்தார்கள், யாருக்குப் பாக்கி, பூசாரிக்கு எவ்வளவு, மேளத்திற்கு எவ்வளவு என்று வரிசையாகக் குறித்திருக்கின்றார். நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்னட்டையிலிருந்து படித்தால் வேறொரு கணக்கு தொடங்குகின்றது. அதன் தலைப்பு 'நிலநிதி'. அதே கையெழுத்து, பெரும்பாலும் அதே பெயர்கள். திடீரென்று வந்த இடர்களை நம் மக்கள் எவ்வாறு தாங்கினார்கள், தாங்கியதோடு நில்லாமல் எவ்வாறு வலுப்பெற்றார்கள் என்று எண்ணும்போதெல்லாம் இந்த இரண்டு கணக்குகளும் என் கண்முன் வந்து நிற்கின்றன.

தோட்டமும் கோயிலும்

1877ஆம் ஆண்டில் ரப்பர்க் கன்றுகள் இம்மண்ணுக்கு வந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகி ரப்பருக்குக் கிராக்கி ஏற்படவே, காடுகள் அழிக்கப்பட்டுத் தோட்டங்கள் எழுந்தன. கங்காணிகள் வழியாகத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து நம் முன்னோர் கப்பலேறி வந்தனர். 1938இல் இந்திய அரசாங்கம் தடைவிதிக்கும் வரை இவ்வாறு ஆளெடுத்தல் தொடர்ந்தது.

வந்தவர்கள் லயன் வீடுகளில் குடியேறிய கையோடு செய்த முதற்காரியம், ஒரு மரத்தடியில் சூலத்தை நட்டதோ ஒரு கல்லை நிறுத்தி மஞ்சள் பூசியதோ ஆகும். பிற்பாடு அது தகரக் கூரையாயிற்று. அதன்பின் மாரியம்மன் கோயிலாயிற்று. மாதச் சம்பளத்திலிருந்து கோயிலுக்கென்று ஒரு சிறு தொகையைச் செக்ரோலிலேயே பிடித்துக்கொள்ளும் வழக்கம் பல தோட்டங்களில் இருந்தது. நிலம் துரைமாருடையது, வீடு துரைமாருடையது, பால்மரமும் அவர்களுடையதே. தொழிலாளர் தாமே பணம் சேர்த்து, தாமே கணக்கெழுதி, தாமே முடிவெடுத்து நடத்திய ஒரு காரியம் கோயில் திருவிழா ஒன்றுதான். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரும் கோயில் கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்கலாம். இந்தப் பழக்கம் பின்னாளில் பேருதவியாயிற்று என்பது என் கருத்து.

முதல் இரு இடிகள்

1930ஆம் ஆண்டையொட்டி உலகெங்கும் பொருளாதார மந்தம் சூழ்ந்தது. ரப்பர் விலை அதல பாதாளத்தில் விழுந்தது. வேலையற்றுப்போன இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் சில ஆண்டுகளுக்குள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். எஞ்சியோர் குறைந்த கூலிக்கு உழைத்தனர்.

இரண்டாவது இடி 1941 டிசம்பர் 8ஆம் நாள் விழுந்தது. அன்று ஜப்பானியப் படைகள் கோத்தா பாருவில் இறங்கின. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரும் வீழ்ந்தது. ரப்பரை வாங்குவாரில்லை, அரிசியும் இல்லை. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்தில் போடப்பட்ட மரண இரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆடவர் கொண்டு செல்லப்பட்டனர். 1943 அக்டோபரில் அப்பாதை முடிவதற்குள் பல்லாயிரவர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோருக்குக் கல்லறை கிடையாது. பெயர்ப் பட்டியலும் கிடையாது. என் பாட்டியின் உடன்பிறந்த அண்ணன்மார் இருவர் போனார்கள், ஒருவரும் திரும்பவில்லை. அவ்வாண்டுகளில் அம்மனுக்குப் பொங்கலிட அரிசியின்றி மரவள்ளிக்கிழங்கை வேகவைத்துப் படைத்ததாகப் பாட்டி சொல்வார். 'கிழங்கு என்றாலும் படையல் நிற்கவில்லை' என்பதே அவர் எப்போதும் சொல்லி முடிக்கும் வாக்கியம்.

தோட்டத் துண்டாடல்

மேற்சொன்ன இரு துயரங்களையும் நம்மில் பலர் கேட்டறிந்திருப்பர். மூன்றாவது இடியைப் பற்றி இன்றைய தலைமுறையினர் அதிகம் அறியார். ஆதலால் அதனைச் சற்று விரித்துக் கூற விரும்புகின்றேன்.

1950இல் கொரியப் போர் மூண்டதும் ரப்பர் விலை வானளாவ உயர்ந்தது. சில ஆண்டுகளில் இறங்கவும் செய்தது. போருக்கு முன் நட்ட மரங்கள் கிழடு தட்டியிருந்தன. மறுநடவு செய்தாலோ, பால் காண ஆறேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். செயற்கை ரப்பர் ஒருபுறம் போட்டிக்கு வந்தது. 1948 முதல் அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. நாடு விடுதலை பெறவிருந்தது. விடுதலைக்குப் பின் தம் சொத்து என்னாகுமோ என்ற ஐயம் வெள்ளைக்கார முதலாளிகள் பலருக்கு இருந்தது. நல்ல விலை கிடைத்தபோதே தோட்டத்தை விற்றுவிட்டுத் தாயகம் திரும்பப் பலர் முனைந்தனர்.

வாங்கியவர்கள் பெரும்பாலும் தோட்டம் நடத்துவதற்காக வாங்கவில்லை. பெருந்தோட்டத்தைச் சிறு சிறு துண்டுகளாக அளந்து, துண்டுக்கு ஒருவராக விற்றால் இலாபம் அதிகம். இதுவே தோட்டத் துண்டாடல் எனப்பட்டது. 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசீஸ் அவர்கள் விரிவாக ஆராய்ந்து நூலாகவே வெளியிட்டுள்ளார்.

துண்டு வாங்கியவர் தம் குடும்பத்தினரைக் கொண்டே மரம் சீவிக்கொள்வார். அல்லது குத்தகைக்கு விடுவார். முந்தைய தொழிலாளருக்கு அங்கே வேலை இல்லை. வேலை போனால் வீடும் போயிற்று. ஏனெனில் லயன் வீடு வேலையோடு ஒட்டியது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேருக்குக் குறையாமல் இருக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடம் அமைக்க வேண்டும் என்பது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். தோட்டம் ஒன்றாக இருந்தவரை இந்தக் கடமை ஒரு முதலாளியின் தலையில் இருந்தது. நூறு துண்டுகளாகப் போனபின் அது எவர் தலையிலும் இல்லை. பள்ளிக்கூடம், ஆயாக் கொட்டகை, மருந்தகம், தண்ணீர்க் குழாய், இடுகாடு, கோயில் ஆகிய பொது உடைமைகள் எல்லாம் கேட்பாரற்றுப் போயின.

என் பாட்டனார் வேலை செய்த பேராக் மாநிலத்துத் தோட்டம் 1959ஆம் ஆண்டு இவ்வாறு துண்டாடப்பட்டது. நில அளவையாளர் வந்து கயிறு பிடித்துக் கட்டை அடித்துச் சென்றபின், 'கோயில் எந்தத் துண்டில் விழுந்திருக்கிறது?' என்பதே பெரட்டுக் களத்தில் எழுந்த முதற்கேள்வி என்பார். யாரோ ஒருவர் வாங்கிய துண்டின் நடுவில் அது விழுந்திருந்தது. அவர் கெட்டவர் அல்லர். எனினும் தம் நிலத்தில் வேறு மக்கள் கூடுவதை விரும்பவில்லை. ஆறு மாதத் தவணை கொடுத்தார். அதற்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் நாலா திசைகளிலும் சிதறிவிட்டன.

பாட்டனாரும் வேறு ஆறு குடும்பத்தினரும் பத்து மைல் தொலைவிலிருந்த மற்றொரு தோட்டத்தில் வேலை தேடிக்கொண்டனர். போகும்போது முனியாண்டியின் சூலத்தைப் பிடுங்கி, மஞ்சள் துணியில் சுற்றி, லாரியில் பாத்திரங்களோடு வைக்காமல் கையிலேயே ஏந்திச் சென்றார்கள். இன்று நம் ஆலயத்தின் வெளிப்பிரகாரத்தில், அரசமரத்தடியில் நிற்கும் மூன்று சூலங்களுள் இடப்பக்கத்துச் சிறிய சூலம் அதுவே. வலம் வரும் அன்பர்களுள் பலர் இதை அறிந்திருக்க மாட்டார்கள் என்பதால் இங்கே பதிவு செய்கின்றேன்.

பத்து வெள்ளி

அந்நாளில் மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்தவர் துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள். 1919இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பட்டதாரி. ரப்பர்த் தோட்டக் குடும்பத்திலிருந்து வந்தவர். அவரும் நண்பர்களும் முன்வைத்த வழி வியப்பூட்டுமளவு எளியது. தோட்டத்தைத் துண்டாடுகிறவனுக்கு விற்கிறார்கள் என்றால், அதே தோட்டத்தைத் தொழிலாளர்களே சேர்ந்து முழுதாக வாங்கிவிட்டால் என்ன?

இந்த எண்ணத்தில் 1960ஆம் ஆண்டு உருவானதே தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். பங்கின் விலை 100 வெள்ளி. ஒரே முறையில் அத்தொகையைக் காணும் ஆற்றல் பால்மரத் தொழிலாளிக்கு ஏது? ஆகவே மாதம் 10 வெள்ளி வீதம் செலுத்தலாம் என்று வகுத்தார்கள். சம்பந்தன் அவர்கள் தோட்டந்தோட்டமாகச் சென்று இதனை எடுத்துரைத்தார்கள். கெடா மாநிலத்து புக்கிட் சிடிம் தோட்டம் சங்கம் வாங்கிய முதல் தோட்டமாகும். அதனைத் தொடர்ந்து பத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் சங்கத்திற்குச் சொந்தமாயின. அத்தோட்டங்களில் கயிறு பிடித்துக் கட்டை அடிக்கப்படவில்லை. லயன் வீடுகள் நின்றன, பள்ளிகள் நடந்தன, கோயில் விளக்குகள் எரிந்தன. கோலாலம்பூரில் விஸ்மா துன் சம்பந்தன் என்னும் கட்டடம் இன்றும் அச்சங்கத்தின் கதையைச் சொல்லி நிற்கின்றது. துன் அவர்கள் 1979 மே 18ஆம் நாள் மறைந்தார்கள்.

கைநாட்டு வைக்கும் மக்கள், கண்ணாற் காணாத ஒரு சங்கத்தை நம்பித் தம் வியர்வைப் பணத்தைக் கொடுத்தது எவ்வாறு? தலைவரின் நாவன்மை ஒரு காரணம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் என் பாட்டனாரின் நோட்டைப் புரட்டும்போது வேறொரு காரணமும் தென்படுகின்றது. கூடிப் பணம் சேர்ப்பதும், பாக்கி எழுதுவதும், கணக்குக் காட்டுவதும், கொடுக்க இயலாதவருக்காக மற்றொருவர் கொடுப்பதும் அவர்களுக்குப் புதியவை அல்ல. இரண்டு தலைமுறைகளாகக் கோயிலில் செய்து பழகியவையே அவை. திருவிழா வரி தண்டிய அதே மனிதரே நிலநிதியும் தண்டினார். அவர் கையை மக்கள் அறிந்திருந்தார்கள். அவர் கணக்கையும் அறிந்திருந்தார்கள்.

நோட்டு சொல்லும் உண்மை

இவ்விடத்தில் உண்மையை மறைத்து எழுதுதல் தகாது. சங்கம் எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்றவில்லை. காப்பாற்றும் அளவு பணமும் இல்லை. வாங்கிய தோட்டங்களைக் காட்டிலும் துண்டாடப்பட்ட தோட்டங்களே மிகப்பல. எங்கள் பழைய தோட்டம் சங்கம் தோன்றுவதற்கு ஓராண்டு முன்னரே போய்விட்டது. பாட்டனார் பங்கு சேர்ந்தபோது அவர் இழக்கவேண்டியதை எல்லாம் இழந்து முடித்திருந்தார்.

அப்படியிருந்தும் ஏன் கட்டினார்? சிறுவனாக இருந்தபோது ஒருமுறை அவரிடம் இதைக் கேட்டிருக்கின்றேன். 'கெடாவில் வாங்கிய தோட்டத்தை நீங்கள் பார்த்தீர்களா, தாத்தா?' என்றேன். 'இல்லை' என்றார். 'பிறகு ஏன் பணம் கட்டினீர்கள்?' என்றேன். 'நம்ம கோயில் போன மாதிரி அவங்க கோயில் போகக் கூடாதில்ல' என்றார். மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

பின்பக்கக் கணக்கில் எல்லா மாதங்களிலும் பத்து வெள்ளி இல்லை. சில மாதங்களில் நான்கு, சில மாதங்களில் ஆறு. தொடர் மழை பெய்தால் மரம் சீவ முடியாது. சீவாவிட்டால் கூலியும் குறையும். அத்தகைய மாதங்களுக்கு நேரே 'மழை' என்று மட்டும் எழுதியிருக்கின்றார். ஓரிடத்தில் ஒரு விதவைத் தாயின் பெயருக்கு நேரே மூன்று மாதப் பாக்கி. நான்காம் மாதம் அதன்மேல் கோடு கிழித்து, 'ஐந்து பேர் சேர்ந்து தீர்த்தது' என்று எழுதப்பட்டுள்ளது. அந்த ஐவர் யார் என்று எழுதவில்லை.

மீண்டும் மீண்டும்

இடர்கள் அத்துடன் ஓயவில்லை. 1969ஆம் ஆண்டில் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை உரிமம் கட்டாயமாயிற்று. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தோர் திகைத்தனர். ஏறத்தாழ 60,000 பேர் தமிழகத்துக்குத் திரும்பிச் சென்றனர் என்பர். 'ரஜூலா' கப்பலில் ஏறியவர்களை வழியனுப்பிவிட்டு வந்து பாட்டனார் பல நாள் எவரோடும் பேசவில்லை என்று என் தந்தையார் கூறுவார். விடுதலைக்குப்பின் ஊர் ஊராக நடந்த குடியுரிமைப் பதிவில் காலத்தோடு பெயர் கொடுத்தவர்கள் தப்பினார்கள். தாளைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் தவித்தார்கள். உழைப்பும் பக்தியும் இருந்தால் மட்டும் போதாது, தாளும் வேண்டும் என்பதை நம் மக்கள் கண்ணீரோடு கற்ற ஆண்டு அது.

பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. அதே நிலத்துக்கு முன்போல் அத்தனை ஆட்கள் தேவைப்படவில்லை. 1990களில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின. முதல் உலகப்போரில் பங்குகொண்ட ஆங்கிலேயர்கள் தொடங்கிய பிராங் பெசார் தோட்டம் இன்றைய புத்ராஜெயா நகரமாயிற்று. அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் டிங்கிலுக்கு இடம் பெயர்ந்தன. நம் ஆலயம் இருந்த தோட்டமும் அவ்வாறே தாமானாக மாறியது. கோயிலுக்கு எவ்வளவு காலம் வயது என்ற கேள்வி எழுந்தபோது, அன்றைய நிர்வாகக் குழுவினர் மேசைமேல் வைத்த சான்றுகளுள் இந்தப் பழைய நோட்டும் ஒன்று. 1960 முதல் ஆண்டு தவறாமல் எழுதப்பட்ட திருவிழாக் கணக்கைப் பார்த்தபின் கோயில் புதிதாக முளைத்ததென்று எவராலும் கூற இயலவில்லை. இன்று நாம் நின்று வழிபடும் மனை ஒதுக்கப்பட்டதற்கு அதுவும் ஒரு துணையாயிற்று.

அண்மைக்கால இடரை விளக்கத் தேவையில்லை. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. ஆலயக் கதவுகள் அடைபட்டன. 2021 ஜனவரி 28ஆம் நாள் தைப்பூசம் பத்துமலையில் காவடியும் பால்குடமும் இன்றிக் கழிந்தது. நம் ஆலயத்தில் அர்ச்சகர் ஒருவரே தனித்து நின்று தீபாராதனை காட்டிய காட்சியைக் கைப்பேசித் திரையில் கண்டு கைகூப்பினோம். எனினும் மடைப்பள்ளி அடுப்பு அணையவில்லை. நாட்கூலி இழந்த குடும்பங்களுக்கு, இனம் மதம் பாராமல், உணவுப் பொட்டலங்கள் சென்றன. அதற்கான பணத்தை ஒரே இரவில் கைப்பேசிக் குழுவில் திரட்டியவர்கள், 'ஆலயப் பக்கமே வருவதில்லை' என்று நாம் குறைகூறிய இளைஞர்களே. அவர்கள் எழுதி வைத்த பட்டியலை நான் பார்த்தேன். பெயர், தொகை, செலவு, மீதி. பாட்டனாரின் நோட்டில் உள்ள அதே நான்கு கட்டங்கள். அவர்களுக்கு அதனைக் காட்டிக் கொடுத்தவர் யாருமில்லை.

நமக்கு முன்னுள்ள பணி

அன்பர்களே, நம் முன்னோர் ஒவ்வோர் இடரிலும் எதையோ இழந்தார்கள். அதே வேளையில் ஒவ்வோர் இடரிலிருந்தும் ஒன்றைக் கற்றும் வந்தார்கள். துண்டாடலிலிருந்து, நிலம் இல்லாதவன் கோயிலும் நிலையாதென்று கற்றார்கள். 1969இலிருந்து ஆவணத்தின் அருமையைக் கற்றார்கள். தோட்டம் தாமானாகியபோது, எழுதிவைத்த கணக்கே சாட்சி சொல்லும் என்று கண்டார்கள். துன்பம் தானாக எவரையும் வலிமையாக்குவதில்லை, சிதறிப்போனவர்களும் பலர். கூடி நின்று கணக்கெழுதப் பழகியிருந்தவர்களே அடுத்த அடியைத் தாங்கினார்கள் என்பதுதான் நான் கண்ட வரலாறு.

ஆதலின் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றேன். முதலாவது, ஆலய மனைக்கான நிலப்பட்டாப் பணியை நிர்வாகக் குழுவினர் இவ்வாண்டு தொடங்கியுள்ளனர். அதனை நிறைவேறும் வரை தளரவிடலாகாது. அரசாங்கக் கோப்பு எவ்வாறு நகரும் என்பதைத் தொழிலால் அறிந்தவன் என்ற முறையில் சொல்கின்றேன்: விடாமல் தொடர்பவர்களின் கோப்பே முடிவு காணும். இரண்டாவது, உங்கள் வீட்டுப் பெட்டிகளில் பழைய திருவிழா அழைப்பிதழ்கள், பற்றுச்சீட்டுகள், நிழற்படங்கள் இருப்பின் எறிந்துவிடாமல் ஆலய அலுவலகத்தில் ஒப்படையுங்கள். மூன்றாவது, ஆலயக் கணக்கெழுதும் பொறுப்பில் ஓர் இளைஞரையும் ஓர் இளம்பெண்ணையும் இவ்வாண்டே அமர்த்துங்கள். தவறு செய்தால் திருத்துவோம். நமக்கும் அப்படித்தான் ஒருவர் கற்றுத் தந்தார்.

பாட்டனாரின் நோட்டை இத்திருவிழாவின்போது ஆலய அலுவலகத்தில் ஒப்படைக்கவிருக்கின்றேன். அதில் உங்கள் பாட்டனார், பாட்டிமார் பெயர்களும் இருக்கக்கூடும், வந்து பாருங்கள். பாக்கி இருந்தால் அஞ்ச வேண்டாம், யாரோ தீர்த்திருப்பார்கள்.

தேர் வடம் பிடிக்கும் நாளில் அனைவரும் குடும்பத்தோடு வருக! அன்னையின் அருளால் எல்லா இல்லங்களிலும் நலம் பெருகுக!